வீட்டு வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு உதவும் நிலையத்தை நடத்துகிறவர்கள் யார்?

திருகோணமலையில், வீட்டுக்குள் அடிபட்டு வரும் பெண்களுக்கு உதவுகிற ஒரு நிலையத்தின் நிர்வாக சபையில் ஆறு வருடம் பொருளாளராக இருந்தேன். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவள் என்பதால் அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. அந்த ஆறு வருடமும் பக்கத்து வீட்டு அக்கா முதல் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் வரைக்கும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "ரீச்சர், அடி வாங்கி வாற பொம்பிளையளோட நீங்கதானே கதைக்கிறது?"

இல்லை. ஒரு தரம்கூட நான் கதைத்ததில்லை. அங்கே உதவி கேட்டு வந்த எவருடைய முகமும் எனக்குத் தெரியாது, ஒரு பழைய ஃபைலில் தற்செயலாகக் கண்ட ஒன்றைத் தவிர பெயரும் தெரியாது. தெரியாமல் இருப்பது என் வேலையின் ஒரு பகுதி என்று சொன்னால் பலருக்கு விளங்குவதில்லை. அப்படியென்றால் நிர்வாக சபை என்று ஒன்று எதற்கு, அங்கே இருந்து என்னதான் செய்கிறார்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இப்படியான ஒரு நிலையத்தில் இரண்டு வகை ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு பக்கம் தினமும் வேலை செய்கிறவர்கள்: தொலைபேசி எடுக்கிறவர், உளவளத்துணையாளர், நீதிமன்றத்துக்குக் கூடவே போகிற சட்டத்தரணி, தங்குமிடம் இருந்தால் அங்கே இரவில் நிற்கிற அக்கா, இவர்கள் எல்லோரையும் பார்த்துக்கொள்கிற இணைப்பாளர் அல்லது நிறைவேற்றுப் பணிப்பாளர். இவர்களுக்குச் சம்பளம் உண்டு. மற்றப் பக்கம் நிர்வாக சபை. தலைவி, செயலாளர், பொருளாளர், இன்னும் நாலைந்து அங்கத்தவர்கள். பெரும்பாலும் சம்பளம் இல்லை, மாதம் ஒருமுறையோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோ கூடுவார்கள், ஆனால் நிலையத்தில் எது பிழைத்தாலும் கடைசியில் பதில் சொல்ல வேண்டியவர்கள் இவர்கள்தான்.

பெயர் இடத்துக்கு இடம் மாறும். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிந்தால் 'பணிப்பாளர் சபை' என்பார்கள், 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ் பதிந்தால் 'நிர்வாகக் குழு', நம்பிக்கைப் பொறுப்பாக இருந்தால் 'நம்பிக்கைப் பொறுப்பாளர்கள்'. புதிதாக வருகிறவர்களைக் குழப்புவது 'பணிப்பாளர்' என்ற சொல். சம்பளத்துக்கு வேலை செய்கிற நிறைவேற்றுப் பணிப்பாளரும் பணிப்பாளர், சபையில் இருக்கிறவரும் பணிப்பாளர். முதலாமவர் நடத்துகிறவர். இரண்டாமவர் அவர் ஒழுங்காக நடத்துகிறாரா என்று பார்க்கிறவர். இதை மனதில் வைத்துக்கொண்டால் மிச்சம் லேசாக விளங்கும்.

சரி, சபை என்ன செய்கிறது? வெருகல் பக்கமிருந்து ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு கடைசி பஸ்ஸில் வந்து இறங்குகிறாள் என்று வையுங்கள். அந்த நேரத்துக்குத் தொலைபேசி எடுக்க ஒருவர் இருக்கிறார், அது சபை எடுத்த முடிவு, ஏனென்றால் இரவு வேலைக்குச் சம்பளம் ஒதுக்கியது சபை. அவளிடம் அடையாள அட்டை கேட்டு நிற்க வைக்காமல் உள்ளே எடுக்கிறார்கள், அப்படி ஒரு விதியைப் போட்டது சபை. மகனுக்குப் பதின்மூன்று வயது, ஆண்பிள்ளையைத் தங்குமிடத்தில் வைக்கலாமா கூடாதா? அந்த இரவில் வாசலில் நின்று யோசிக்கிற விஷயமா இது? முன்னமே ஒரு சனிக்கிழமை இருந்து கதைத்து எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதி வைக்காத இடத்தில் வேலைக்கு நிற்கிற அக்கா தன் மனதுக்குப் பட்டதைச் செய்வார், அடுத்த நாள் இன்னொருவர் வேறு மாதிரிச் செய்வார், வருகிற பெண்ணுக்கு எது கிடைக்கும் என்பது அன்றைக்கு யார் வேலைக்கு நின்றார்கள் என்பதைப் பொறுத்ததாகிவிடும்.

அடுத்தது ரகசியம். இதைப் பற்றி நான் நிறையச் சொல்வேன், ஏனென்றால் எங்கள் ஊர் சின்ன ஊர். உப்புவெளியில் நடப்பது மத்தியானத்துக்குள் அன்புவழிபுரத்தில் தெரிந்துவிடும். நான் சேர்ந்து மூன்றாவது கூட்டமோ நாலாவதோ, இணைப்பாளர் அந்த மாத அறிக்கையை வாசித்தார்: புதிதாக வந்தவர்கள் இத்தனை பேர், பாதுகாப்புக் கட்டளைக்கு விண்ணப்பித்தவர்கள் இத்தனை பேர், தங்குமிடத்தில் இருக்கிறவர்கள் இத்தனை பேர். அதில் ஒருவரைப் பற்றி, ஒரு ஆசிரியை என்று மட்டும் சொன்னார். உடனே எங்கள் சபையில் இருந்த மூத்த அங்கத்தவர் ஒருவர், உண்மையாகவே நல்ல மனிதர், கேட்டார்: "எந்தப் பள்ளிக்கூடம்? யாருடைய மகள்? சொல்லுங்கோ மிஸ், எனக்குத் தெரிஞ்ச ஆக்களா இருந்தா நான் கதைச்சு விடலாம்." இணைப்பாளருக்கு அவரைவிட முப்பது வயது குறைவு. கையில் இருந்த தாளை மேசையில் கவிழ்த்து வைத்தார். "சேர், அதை நான் இந்தச் சபைக்கும் சொல்ல ஏலாது" என்றார். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். பிறகு தலைவி, "அவ சொல்றது சரி, இனி ஊர், தொழில் ஒன்றும் அறிக்கையில வர வேண்டாம்" என்று சொல்லி, அதைக் கூட்ட அறிக்கையிலும் எழுதச் சொன்னார்.

ஒரு சபை எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதை அந்த அரை நிமிடத்தில்தான் படித்தேன். கேட்டவர் கெட்டவர் இல்லை. அவர் வளர்ந்த உலகத்தில் ஊர்ப் பெரியவர் தலையிட்டால் பிரச்சினை தீரும். ஆனால் அவர் போய்க் கதைத்திருந்தால் அந்த ஆசிரியை நிலையத்துக்கு வந்த விஷயம் மாலைக்குள் கணவன் காதுக்குப் போயிருக்கும். ஒரு பெண்ணுக்கு மிக ஆபத்தான நேரம் அவள் வீட்டை விட்டு வெளியேறுகிற நேரம்தான் என்று இந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

இது ஒரு நிலையத்தின் சொந்த ஒழுங்கு மட்டும் இல்லை. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில், பாதிக்கப்பட்டவரின் பாதுகாப்புக்காக அவர் தங்கியிருக்கும் இடத்தை மறைத்து வைக்க வேண்டியிருந்தால், அந்தத் தங்குமிடத்துக்குப் பொறுப்பாக இருப்பவர் அதைக் கட்டாயம் காக்க வேண்டும் என்று இருக்கிறது. பொறுப்பாக இருப்பவர் என்று சட்டம் சொல்வதைக் கவனியுங்கள். அவருக்குத் துணை நிற்கிற வேலை சபையுடையது. ஒரு அரசியல்வாதியோ, பொலிஸில் தெரிந்தவரோ, ஒரு கோயில் தலைவரோ, பள்ளிவாசல் பெரியவரோ தொலைபேசி எடுத்து "அந்தப் பிள்ளை உங்களிட்டயா நிக்குது?" என்று கேட்டால், இருபத்தெட்டு வயது இணைப்பாளர் தனியே நின்று பதில் சொல்லக்கூடாது. அந்த அழைப்பு தலைவிக்குப் போக வேண்டும். ஊரில் கொஞ்சம் மதிப்புள்ள ஆட்களைச் சபைக்கு எடுப்பதன் நியாயமே அதுதான்.

இப்போது என் பக்கத்து விஷயம், கணக்கு. சின்னதாகத் தெரியும், ஆனால் சொல்ல வேண்டும். ஒரு பெண்ணை நீதிமன்றத்துக்கு ஆட்டோவில் கூட்டிப் போனால் வவுச்சர் எழுத வேண்டும். ஆட்டோக்காரர் கையெழுத்துப் போடுவார், எங்கிருந்து எங்கே என்று எழுதுவார். அந்தத் துண்டுத் தாளைக் கணக்குப் பிள்ளை பார்ப்பார், நான் பார்ப்பேன், கணக்காய்வாளர் பார்ப்பார், நிலையத்துக்குக் காசு தருகிற டோனர் ஆட்கள் வந்தால் அவர்களும் பார்ப்பார்கள். அதில் தங்குமிடம் இருக்கிற தெருவின் பெயர் இருந்தால்? நான் பொறுப்பெடுத்தபோது பழைய ஃபைல் ஒன்றில் அப்படியே இருந்தது, நீல மையில், பெண்ணின் முழுப் பெயரோடு. அன்றைக்கே அந்த ஃபைலை இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினோம். பிறகு சபையில் கதைத்து முடிவெடுத்தோம்: வவுச்சரில் இலக்கம் மட்டும், 'உள்ளூர்ப் பயணம்' என்று மட்டும். இலக்கத்துக்கும் பெயருக்கும் உள்ள தொடர்பு இணைப்பாளரிடம் உள்ள ஒரு கொப்பியில் மட்டும். கணக்காய்வாளர் சந்தேகப்பட்டால் இணைப்பாளர் முன்னால் இருக்க, பெயரை மறைத்துக்கொண்டு, சிலவற்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். கணக்காய்வாளர் முதலில் முகம் சுளித்தார், காரணம் சொன்னதும் ஒத்துக்கொண்டார். காசுக்கும் கணக்கு இருக்க வேண்டும், பெண்ணும் வெளியே தெரியக்கூடாது. இரண்டையும் சேர்த்துச் செய்வதற்கு வழி இருக்கிறது, யாராவது உட்கார்ந்து யோசித்தால் போதும்.

சபை போட வேண்டிய விதிகளில் இன்னொன்று, எங்கள் சமூகத்தில் மிகக் கஷ்டமானது: சமாதானம் பேசுவது. "பிள்ளையளுக்காக ஒருக்கா இருந்து கதைச்சு அனுப்பி வையுங்கோ" என்று பெண்ணின் தாயே வந்து கேட்பார். சபை அங்கத்தவர்களுக்குள்ளும் அந்த எண்ணம் இருக்கும், குடும்பத்தைச் சேர்த்து வைப்பது புண்ணியம் என்று வளர்ந்தவர்கள்தானே நாங்கள். ஆனால் அடிக்கிறவரும் அடிபடுகிறவரும் ஒரே மேசையில் இருந்து கதைக்கும்போது அவள் சொல்கிற ஒவ்வொரு சொல்லுக்கும் வீட்டுக்குப் போனபிறகு விலை கொடுக்க வேண்டி வரும். அதனால் நிலையம் நடுவராக இருக்காது என்று எழுதியே வைக்க வேண்டும். திரும்பிப் போவதா, பிரிவதா, பாதுகாப்புக் கட்டளை எடுப்பதா என்பதை அவள் முடிவெடுப்பாள், நிலையம் ஒவ்வொன்றிலும் என்ன ஆகும் என்று விளக்கும், அவள் திரும்பிப் போய் மறுபடியும் வந்தாலும் கதவு திறக்கும். மூன்றாம் தரம் வந்தாலும்தான். "இத்தனை தரம் சொன்னோமே" என்று ஒருவரும் சொல்லக்கூடாது.

பாதுகாப்புக் கட்டளை என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வரி: வன்முறை செய்கிறவரை மேலும் செய்யாமல் தடுக்க நீதிமன்றம் போடுகிற கட்டளை அது, நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம், அவள் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம், இடைக்காலக் கட்டளை 14 நாள் வரை, முழுக் கட்டளை 12 மாதம் வரை. அடிப்பது மட்டும் இல்லை, தொடர்ந்து கொடுமையாக அவமானப்படுத்தி மனதை உடைப்பதும் இந்தச் சட்டத்துக்குள் வரும். எந்த மதம், எந்தத் திருமணச் சட்டம் என்ற பேதம் இல்லாமல் எல்லோருக்கும் இது பொருந்தும். ஆண்களும் விண்ணப்பிக்கலாம்.

இந்த 12 மாதத்தை நான் ஒவ்வொரு வரவு செலவுக் கூட்டத்திலும் சொல்வேன். நீதிமன்றம் ஒரு வருடத்துக்குக் கட்டளை கொடுக்கிறது, எங்களுக்கு வருகிற புரொஜெக்ட் ஆறு மாதத்தில் முடிகிறது. ஏழாவது மாதம் அவளைத் தொலைபேசியில் எடுத்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க ஆளில்லை. சுனாமிக்குப் பிறகும், யுத்தம் முடிந்த காலத்திலும் எங்கள் மாவட்டத்துக்கு எத்தனையோ அமைப்புகள் வந்தன, பலகை போட்டன, காசு முடிந்ததும் போய்விட்டன. கிணறு கட்டிய புரொஜெக்ட் முடிந்தால் கிணறாவது மிஞ்சும். தன் கதையை முதல் தரமாக ஒருவரை நம்பிச் சொன்ன பெண்ணுக்கு, அந்த ஆள் அடுத்த மாதம் இல்லை என்றால், அவள் இரண்டாம் தரம் சொல்வாளா? ஆகவே ஒரே டோனரில் தொங்கி நிற்காமல் பார்ப்பது, ஊருக்குள்ளும் வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்களிடமும் சிறுகச் சிறுகச் சேர்ப்பது, குறைந்தது மூன்று மாதச் சம்பளமாவது வங்கியில் தொடாமல் வைப்பது, இதெல்லாம் சபையின் வேலை. ஊழியர் சேமலாப நிதிக்கு நிலையத்தின் பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், இதைக் கட்டாமல் விடக்கூடாது. பெண்களின் உரிமைக்காக நிற்கிற இடத்தில் வேலை செய்கிற பெண்ணுக்கே சேமலாப நிதி கட்டவில்லை என்றால் அது பெரிய வெட்கம்.

யார் சபையில் இருக்க வேண்டும்? திருகோணமலையில் இதற்குப் பதில் மட்டக்களப்பிலோ யாழ்ப்பாணத்திலோ சொல்வது போல் இருக்காது. இந்த மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள். மூதூரும் கிண்ணியாவும், கந்தளாயும் சேருவிலயும், குச்சவெளியும் தம்பலகாமமும் ஒரே மாதிரி ஊர்கள் இல்லை. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூன்று சமூகமும் இருக்கிற இடத்தில், சபை முழுக்கப் பட்டணத்துத் தமிழ்ப் பெண்களாக இருந்தால், முஸ்லிம்களின் திருமண விஷயங்களைப் பார்க்கிற காதி நீதிமன்றத்தில் விவாகரத்துக்காக அலைகிற ஒரு கிண்ணியாப் பெண்ணின் சிக்கல் எங்களுக்கு எப்படித் தெரியும்? 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரைக்கும் 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறி அங்கிருந்து பட்டணத்துக்கு வந்தார்கள். பாலம் வந்தபிறகு தூரம் குறைந்தது, ஆனால் சபையில் கிண்ணியாவைச் சேர்ந்த ஒருவர் வந்து இருந்த பிறகுதான் அங்கிருந்து பெண்கள் எங்களிடம் அதிகம் வரத் தொடங்கினார்கள். சிங்களம் தெரிந்த ஒருவரும் கட்டாயம் வேண்டும், பொலிஸ் முறைப்பாடு பல இடங்களில் இன்னும் சிங்களத்தில்தான் எழுதப்படுகிறது.

சட்டம் தெரிந்தவர் ஒருவர், கணக்குத் தெரிந்தவர் ஒருவர், சுகாதாரத் துறையில் இருந்தவர் ஒருவர், கிராமத்து மாதர் சங்கத்தில் பல வருடம் நின்றவர் ஒருவர். அப்புறம், இந்தக் கொடுமையைத் தானே கடந்து வந்தவர்கள். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019 இல் நடத்திய பெண்கள் நல்வாழ்வு ஆய்வின்படி, துணைவருடன் வாழ்ந்த பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அவரிடமிருந்து உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருக்கிறார். அப்படியென்றால் எங்கள் மேசையைச் சுற்றி இருந்தவர்களிலும் இருந்திருப்பார்கள். யார் என்று ஒருவரும் கேட்கக்கூடாது. சொல்ல விரும்பினால் அவர் சொல்வார். ஆனால் சபையில் தன் அனுபவத்திலிருந்து பேசுவதற்கு ஒருவருக்கு இடம் இருக்க வேண்டும், அவரைக் கூட்டத்துக்குக் கூட்டம் தன் கதையைச் சொல்ல வைக்கிற காட்சிப் பொருளாகவும் ஆக்கக்கூடாது. அவரும் மற்றவர்களைப் போல வரவு செலவுக்கு வாக்களிக்கிற அங்கத்தவர்.

சின்ன ஊரில் இன்னொரு சிக்கல், உறவு. உதவி கேட்டு வந்த பெண்ணின் கணவன் சபை அங்கத்தவர் ஒருவரின் தம்பி மகனாக இருக்கலாம். பெயர் வெளியே வராவிட்டாலும் வழக்கு நீதிமன்றம் போனால் தெரியவரும். அப்போது அந்த அங்கத்தவர் தானாகவே சொல்லி, அதைப் பற்றிய எந்தக் கதையிலும் இல்லாமல் எழுந்து வெளியே போக வேண்டும், அவர் போனார் என்று கூட்ட அறிக்கையில் எழுத வேண்டும். இதைக் கௌரவக் குறைவாக எடுக்காமல், கூட்டத்தின் தொடக்கத்தில் வழக்கமாகவே "இன்றைய விஷயங்களில் யாருக்காவது சொந்தம், தொடர்பு இருக்கா?" என்று கேட்டுப் பழக்கிவிட்டால் ஒருவருக்கும் முகம் கோணாது.

நிறைவேற்றுப் பணிப்பாளரை (எங்கள் இடத்தில் இணைப்பாளர்) எடுப்பதைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அவரைத் தெரிவு செய்வது சபையின் ஆகப் பெரிய முடிவு. வேலைக்கு எடுத்துவிட்டு மாத அறிக்கை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் போதாது. காலையிலிருந்து பின்னேரம் வரை மற்றவர்களின் காயத்தைக் கேட்கிற ஊழியர்களை அவர் தாங்குகிறார், அவரை யார் தாங்குவது? எங்கள் இணைப்பாளர் ஒரு தரம் கூட்டம் முடிந்து படியில் இறங்கும்போது, "ரீச்சர், மூன்று கிழமையா நித்திரை இல்லை" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த கூட்டத்தில் அவருக்கு லீவு கொடுத்தோம், வெளியிலிருந்து ஒரு அனுபவமுள்ள உளவளத்துணையாளர் மாதம் ஒருமுறை வந்து ஊழியர்களோடு இருக்கக் காசு ஒதுக்கினோம். அதை ஆரம்பத்திலேயே செய்திருக்க வேண்டும்.

சபைக்கும் கால எல்லை வேண்டும். தொடங்கியவரே இருபது வருடம் தலைவியாக இருப்பது எங்கள் பக்கத்தில் அதிகம். அவர் இல்லாவிட்டால் நிலையமே இல்லை என்ற நிலை அவருக்கும் பாரம், மற்றவர்களுக்கும் பாரம். மூன்று வருடம், இன்னொரு மூன்று வருடம், பிறகு விலக வேண்டும் என்று யாப்பில், அதாவது நிலையத்தின் அடிப்படை விதிகளில், இருந்தது, அதனால்தான் நானும் விலகினேன். எனக்குப் பிறகு வந்தவர் கணினியில் கணக்கு வைக்கிறார், என்னைவிட நன்றாகவே.

உதவி தேவைப்படுகிறவர்கள் இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும் என்பதில்லை. பெண்கள் உதவிச் சேவையின் இலக்கம் 1938, அவசரம் என்றால் பொலிஸ் 119. அரச வைத்தியசாலைகள் பலவற்றில் வன்முறைக்கு உள்ளானவர்களுக்கு உதவுகிற 'நட்பு நிலையம்' இருக்கிறது. பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார், பொலிஸ் நிலையங்களில் சிறுவர் மற்றும் பெண்கள் பிரிவு இருக்கும். சட்டத்தரணிக்குக் காசு இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு.

ஆனால் உங்களை ஒருவர் சபைக்கு வரும்படி கேட்டால், ஆமென்று சொல்வதற்கு முன் யாப்பையும் கடைசிக் கணக்காய்வு அறிக்கையையும் வாங்கி வாசியுங்கள். வாசித்துவிட்டு, உதவி பெற்ற ஒரு பெண்ணுக்கு எங்கள் மீதே முறைப்பாடு இருந்தால், தலைவி மீதே இருந்தால், அவள் யாரிடம் போவாள் என்று கேளுங்கள். ஒரு பெயரும் இலக்கமும் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் நிலையத்தில் அது வரவேற்பறையில், தண்ணீர்ப் பானைக்கு மேலே, மூன்று மொழியிலும் ஒட்டியிருந்தது. அந்த இலக்கம் சபையில் இல்லாத, வெளியூரில் இருக்கிற ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவருடையது.